எட்டுத் தட்டல்கள்

"பாஸ்வேர்டை என்கிட்டயே கொடுத்துடுங்க சார்" என்கிறாள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். மேசையில் புது லினக்ஸ் லேப்டாப். நெட்வொர்க்கைச் சரிசெய்து, கூடத்துக் கோடியிலிருக்கும் பிரிண்டரின் ஐபி எண்ணையும் அவளே தேடிப்பிடித்துவிட்டாள். இனி அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும் என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. "அதுக்குத்தான் நான் இருக்கேனே பாப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்று சிரிக்கிறார் மேலாளர். "ரெண்டு வருஷமா திரும்பிக்கிறேன். நான் என்ன திருடியா சார்? போன மாசம் வேலைக்குச் சேர்ந்த உங்க தங்கச்சி மகனுக்குச் சொல்லியிருக்கீங்களே!" "அட, அவன் நம்ம வீட்டுப் பையன்மா." அவள் சன்னல் பக்கம் திரும்புகிறாள். வெளியே வெளிச்சம் மெல்லக் கரைகிறது. மழை காய்ந்த கோடுகளுக்கு நடுவே, கண்ணாடியில் அவருடைய விரல்கள் மிதக்கின்றன. நினைத்திருந்தால் என்றைக்கோ பார்த்திருக்கலாம். எப்போதும்போல் கண்ணை மூடிக்கொள்கிறாள். முதுகுக்குப் பின்னால், தூரத்துத் தூறல் மாதிரி எட்டுத் தட்டல்கள். "ஆச்சு. டெஸ்ட் பேஜ் ஒண்ணு அனுப்பிப் பாரு." நேற்றே ஒரு பக்கம் அடித்துவைத்திருக்கிறாள்; அவள் கேட்டதை அவர் கொடுத்திருந்தால் அதை அழித்திருப்பாள். இப்போது பென்டிரைவைச் செருகி அந்த ஒரு பக்கத்தை அனுப்புகிறாள். கோடியில் பிரிண்டர் தூக்கம் கலைந்து முனகுகிறது. "வந்துடுச்சா பாப்பா?" "வந்துடுச்சு சார். உங்க பேருக்குத்தான், போய் எடுத்துக்கோங்க." சூடு ஆறாமல் தட்டில் கிடக்கும் தன் ராஜினாமாவைக் கடந்து, பையைத் தோளில் ஏற்றியபடி அவள் படியிறங்குகிறாள்.