கூலிக்கு வந்தவள்

கருத்தரங்கு ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. பெட்டியும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்த பேராசிரியர் அப்படியே நின்றார்.

அம்மாவின் கட்டிலருகே முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கையைக் காணோம்.

“யாரும்மா நீ?”

“அக்கா வெளியே போயிருக்காங்க சார். ரெண்டு வாய்தான் பாக்கி.”

“எவ்வளவு தர்றா?”

“என்ன சார்?”

“கூலி.”

அவள் கை நின்றது.

நேற்று மேடையில் அவர் பேசியதே இதைத்தான். ‘மேற்கத்தியப் பொருளாதாரம் மனிதனைத் தன்னலத்தில் தொடங்கி லாபத்தில் முடிக்கிறது. தாய்க்குப் பிள்ளை செய்வதைக்கூட விலை போட்டால்தான் அதற்குக் கணக்கு வரும். நம் மார்க்கத்தில் அது கடமை. நற்கூலி அல்லாஹ்விடம்.’ கைதட்டல் அடங்க நேரமானது.

“பெத்தவங்களைப் பார்த்துக்கறதும் ஒரு பிழைப்பாயிடுச்சு. உன்னைச் சொல்லி என்ன, கூப்பிட்டவளைச் சொல்லணும்.” பர்ஸிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினார். “இதோட நிறுத்திக்க.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நோட்டைத் தொடாமலே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தங்கை வந்தாள்.

“ஊரெல்லாம் போய் நான் பேசிட்டு வரேன், என் வீட்டுக்குள்ளேயே கூலி ஆளா? அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்ட உனக்குக் கை வலிக்குதா?”

தங்கை தட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். “நீங்க ஊட்டுங்கண்ணே.”

ஊட்டினார். அம்மா அவர் சட்டையிலேயே துப்பினாள். அடுத்த வாய்க்குப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள்.

“நீங்க காலேஜுக்குப் போனப்புறம் தினமும் இதே கதைதான். டாக்டர்கூட பயந்துட்டார். பெத்த பிள்ளைங்க கொடுத்தா துப்பிடுவாங்க. வெளியாள் கொடுத்தா மட்டும், வந்தவங்க மனசு நோகக் கூடாதேன்னு சாப்பிடுவாங்க. மறதி எல்லாத்தையும் கொண்டுபோயிடுச்சு, மரியாதையை மட்டும் விட்டுவெச்சிருக்கு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“புத்தகம் முடியற வரைக்கும் எதையும் கொண்டு வராதேன்னு சொன்னீங்க.”

பேராசிரியர் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, அவளைக் கூப்பிடு. கேக்கறதுக்கு மேலேயே கொடுத்துடலாம்.”

“வர மாட்டா. படியில என்னைப் பார்த்தும் பேசாமப் போனா. ஏன்னு இப்பத்தான் புரியுது.”

“கூலிக்கு வர்றவளுக்கு அவ்வளவு ரோஷமா?”

தங்கை தட்டை மூடிவைத்தாள்.

“எதிர் வீட்டுக்குப் புதுசா குடிவந்த டீச்சர்ண்ணே அவ. அவ அம்மாவுக்கும் இதே வியாதி, பெத்த பொண்ணு கொடுத்தா வாயைத் திறக்க மாட்டாங்க. இப்ப அவங்களுக்கு ஊட்டிட்டுத்தான் நான் வரேன்.”