அரை நிமிடக் கருத்து

"ஆரம்பிங்கப்பா" என்று நான் சொன்னதும் அப்பா படத்தைக் கை நீளும் தூரம்வரை தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டேன். ஒரு நிமிடம் படத்தில் இருப்பதை விவரிக்க வேண்டும். அடுத்த அரை நிமிடம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். எல்லாமே ஆங்கிலத்தில்.

துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர் மேற்பார்வையாளர் ஆவதற்கு இப்படி ஒரு தேர்வு. திங்கட்கிழமை. கம்பெனி கொடுத்த இருபது படங்களையும் நேற்றே முடித்துவிட்டோம். சந்தை, விமான நிலையம், வெள்ளம், பல் மருத்துவர். பல் மருத்துவரைப் பற்றிக் கருத்துக் கேட்டதற்கு "ஐ அக்ரீ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவர் அவர்.

இருபத்தொன்றாவது படம் நானே அச்சடித்துச் சேர்த்தது.

"இந்த வருஷம் இந்த மாதிரியும் கேக்குறாங்களாம்ப்பா" என்று புளுகித்தான் அதை நீட்டினேன்.

தன்பாலினரை விரும்புகிறவர்கள் நடத்தும் பிரைடு ஊர்வலம். அகலமான சாலை, வானவில் கொடிகள், மேளக்காரர்கள், நடுவில் மெதுவாக நகரும் ஒரு திறந்த லாரி, அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஆடுகிற கூட்டம். ஆணும் ஆணும் கைகோத்திருந்தார்கள். பெண்ணும் பெண்ணும் கைகோத்திருந்தார்கள்.

தேவையான சொற்களையும் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பரேட், பேனர், கலர்ஃபுல், சப்போர்ட், ப்ரௌட். கருத்துக்கு, இன் மை ஒப்பீனியன், ஐ ஃபீல். அந்தத் தாளில் திட்டுகிற சொல் ஒன்றுகூடக் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டேன்.

அப்பா தமிழில் வாயைத் திறந்தால் கப்பலே கொஞ்சம் நகர்ந்து நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் இதே மேசையில், "எனக்குப் பொண்ணு பாக்காதீங்க, நான் விரும்புறது ஒரு பையனை" என்று அண்ணன் சொன்னான். அப்பா கை ஓங்கவில்லை. கால் மணி நேரம் பேசினார், அவ்வளவுதான். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் அள்ளிப் பார்க்கக்கூட இல்லை. அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டோம்.

ஆங்கிலத்தில் அப்பாவிடம் மொத்தம் இருநூறு சொல் இருக்கும். எல்லாம் மரியாதையான சொற்கள். அந்த மொழியிலாவது அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அடிபடாமல் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

ஏனென்றால் காலையில் அண்ணன் போன் செய்து, நாளைக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தான். வேலை மாறி இதே ஊருக்கு வந்து நான்கு நாளாகிறதாம். அப்பா இரண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புவதற்குள் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது மணி ஒன்றரை.

"திஸ் இஸ் எ ரோடு" என்றார் அப்பா.

மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்த அறையில் அம்மா ஒரே துண்டை மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இடமிருந்து வலமாக வந்தார். கொடி ஏழு. மேளம் நான்கு. நாய் ஒன்று, ஸ்மால். பேனரைச் சரியாகக் கட்டவில்லை, டேஞ்சர். லாரிக்கு வந்ததும் பேச்சு நின்றது. முகம் இறுகியது.

"ஓவர்லோடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நோ சேஃப்டி பெல்ட்."

ஒரு நிமிடம் முடிந்தது. கருத்துக்கு நேரம் வைத்தேன்.

"இன் மை ஒப்பீனியன்," என்று தொண்டையைச் செருமினார், "திஸ் லாரி இஸ் நாட் குட்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அந்த லாரி எக்கேடு கெட்டால் எனக்கென்ன!

"லாரியை விடுங்கப்பா. அந்த மனுஷங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? அதைச் சொல்லுங்க."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சொல் எழுதிய தாளை இழுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ப்ரௌடில் நிற்குமா என்று பார்த்தேன். நிற்கவில்லை. கடைசிவரை போனார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

அரை நிமிடம் முடிந்து கைப்பேசி அலறியது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறார். நான் வேண்டுமென்றே விட்ட சொல்லைத்தான் தேடுகிறார். வராதே என்று அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா படத்தை மேசையில் வைத்து, லாரியின் ஓரத்தில் நின்ற ஒருவன் மேல் விரலை வைத்தார். நீலத் தலைமுடி, முகமெல்லாம் சாயம், பாதி முகத்தைப் பக்கத்திலிருந்தவனின் கொடி மறைத்திருந்தது.

"இளைச்சுப் போயிட்டான்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?"

அண்ணன் அனுப்பியிருந்த படங்களிலேயே, யாருக்கும் அவனை அடையாளம் தெரியாத ஒன்றாகப் பார்த்துத்தான் நான் எடுத்திருந்தேன்.