சுத்தமான கை

கொலைகாரன் அரை மணி நேரமாக மழையில் நின்றான். லண்டனில் தன் கடைக் கண்ணாடிக்கு உள்ளே நின்ற யோகலிங்கம், அவனைப் பார்த்தும் பார்க்காதவர் போலப் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மழையில் நின்ற சூசைதாசன் கத்தி எடுத்தவனில்லை, துவக்குத் தூக்கியவனுமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஊரில், யுத்தத்துக்கு நடுவே நாலு கட்சிகள் கூட்டுச் சேர்ந்து நடத்திய மாகாண சபையில் யோகலிங்கத்தோடு உறுப்பினராக இருந்தவன், அவ்வளவுதான். பெடியன்களைக் கட்டாயமாகப் படைக்குப் பிடிக்கலாம் என்று தீர்மானம் போட்டது அந்தச் சபை.

பிடித்துக்கொண்டு போனவர்களில் யோகலிங்கத்தின் தங்கை அருள்நாயகியின் ஒரே மகனும் ஒருவன். மூன்றாம் வாரமே செத்துப்போனான். உடல்கூட வீட்டுக்கு வரவில்லை.

கடையில் ஆள் ஓய்ந்ததும் சூசைதாசன் உள்ளே வந்தான். மறுநாள் காலை குரோய்டனில் அவனுடைய அகதி விசாரணை. திரும்பிப் போனால் இவன் உயிருக்கு ஆபத்து என்று, சபையில் கூட இருந்த ஒருவர் எழுதிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று லோயர் சொல்லிவிட்டாராம். லண்டனில் அப்படி இருக்கிற ஒரே ஆள் யோகலிங்கம்.

"ரண்டு வரி எழுதினாலே காணும், அண்ணை."

யோகலிங்கம் பையை ஓங்கி வைத்த வேகத்தில் அது கிழிந்து பருப்பு தரையெல்லாம் கொட்டியது. சபையில் இருந்த காலம் முழுக்க அவர் அத்தனை நீளமாகப் பேசியதில்லை. பதவிக் கதிரைக்காகக் கூட்டணியின் காலைக் கழுவிய கூட்டம் என்றார். ஊரான் பிள்ளையைக் கொடுத்துத் தங்கள் பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பியவர்கள் என்றார்.

தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்ததும் யோகலிங்கம் மனைவியோடு லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டார். வாக்கெடுப்புக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கார் ஏறப் போகும் நேரம் இதே சூசைதாசன் வந்து, அந்த நாலு நாளும் நின்றுவிட்டுப் போகச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பாவத்துக்குப் பங்காளி தேடுகிறான் என்று யோகலிங்கம் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். இந்தக் கதையை லண்டனில் அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

"என்ர கை சுத்தமடா. உன்ர கையிலதான் அந்தப் பிள்ளையின்ர ரத்தம். ஒரு எழுத்தும் எழுதமாட்டன், போ."

சூசைதாசன் போகவில்லை. குனிந்து, கொட்டிய பருப்பை இரண்டு கைகளாலும் கூட்டினான். அந்தப் பணிவைப் பார்க்க யோகலிங்கத்துக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"நான் எதிர்த்துத்தான் கை தூக்கினனான், அண்ணை. அதுக்குத்தான் என்ர கட்சிக்காரரே என்னைத் தேடுகினம்."

"பொய். எதிர்க்க ஆள் இருந்தா அது எப்பிடியடா நிறைவேறினது?"

சூசைதாசன் எழுந்து கதவுப் பக்கம் போனான். இதைச் சொல்லக்கூடாது என்றுதான் அவன் இத்தனை நாளும் இருந்திருக்கிறான். கடிதம் கிடைக்காது என்று இப்போது நிச்சயமாகிவிட்டது.

"பதினேழுக்குப் பதினேழு. சரிசமனா வந்தபடியா தவிசாளர் தன்ர வோட்டைத் தீர்மானத்தின்ர பக்கம் போட்டிட்டார்" என்றான்.

சூசைதாசன் கதவைத் திறந்தான்.

"வராத ஆள் நீங்கள் ஒராள்தான், அண்ணை."