பாட்டைப் பூட்டிய பெட்டி

பொற்கொடி பாடிய பாட்டு ஒருநாள் டிவியில் ஐந்து நிமிடம் வந்தது. செட்டாப் பாக்ஸ் அதைப் பதிவு செய்து, பென் டிரைவிடம் கொடுக்கும்போதே பூட்டும் போட்டுவிட்டது.

"பூட்டு எதுக்கு?" என்றது பென் டிரைவ்.

"எவனாவது திருட்டுத்தனமா காப்பி எடுத்துட்டா? என்கிட்ட மட்டும்தான் ஓடும். சேனல்காரங்க உத்தரவு."

"அட, பாடினதே இவங்கதான்யா! அம்மாவுக்கு அனுப்பணுமாம்."

"யாரா இருந்தா எனக்கென்ன?"

பொற்கொடி பென் டிரைவை லேப்டாப்பில் செருகினாள். ஓடவில்லை. தங்கை வீட்டு டிவியில் செருகினாள். அங்கேயும் ஓடவில்லை. "பாட்டு எனக்குள்ளதாம்மா இருக்கு!" என்று பென் டிரைவ் கத்தியது அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது?

ஐப்பசி இடியில் செட்டாப் பாக்ஸ் கருகிப்போனது. கேபிள்காரர் வேறொன்றை மாட்டினார்.

"தம்பி, நீயாவது திறடா," என்று கெஞ்சியது பென் டிரைவ்.

"சாவி பழைய பாக்ஸோட போச்சுண்ணே," என்றது புது பாக்ஸ்.

"இத்தனை நாள்ல ஒரு திருடன்கூட வரலையேடா! பாடினவங்க மட்டும்தானே வந்து வந்து கேட்டாங்க!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. வேணும்னா சொல்லுங்க, மொத்தமா அழிச்சுடறேன். அதுக்குச் சாவி தேவையில்லை."