அனுமதி இல்லாத காதுகள்

"வாயைத் திறந்தீங்க, பென்ஷன் போச்சு." லிஃப்டுக்குள் அமைச்சரின் உதவியாளர் காதோரம் சொல்லிவிட்டு இரண்டாவது மாடியில் இறங்கிக்கொண்டார்.

தகவல் துறை இயக்குநர் தலையை ஆட்டினார். இதெல்லாம் அவருக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமா? ஒருத்தருக்கும் ஒரு தகவலும் கொடுக்காமலே தகவல் துறையில் உச்சிக்கு வந்தவர் அவர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'பூட்டு'தான்.

வெளிப்படைத்தன்மைக்கான நாடாளுமன்றக் குழுவின் அறையில் எள் விழ இடமில்லை. நேரடி ஒளிபரப்பு வேறு. பின்வரிசையில் பத்திரிகைக்காரர்கள், அதில் ஒருத்தி அவருடைய மகள்.

நகரின் வடக்குப் பகுதியில் குழாய்த் தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது என்று கேட்டு அவள் மனுப் போட்டிருந்தாள். 'ரகசியம்' என்று எழுதித் திருப்பி அனுப்பியவர் அப்பா. அன்றோடு பேச்சு நின்றுபோனது. இப்போது அவர் திரும்பிப் பார்த்தபோது, அவள் கூரையில் சுற்றும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"சுத்தி வளைக்காம கேக்குறேன்," என்றார் குழுத் தலைவியம்மாள். "வடக்குப் பகுதித் தண்ணியில என்ன கலக்குது?"

"அது ரகசியம்ங்க."

"எங்ககிட்டயுமா?"

"சொல்ல நான் தயார்ங்க. கேக்க உங்களுக்கு அனுமதி இருக்கணுமே? ரகசியத்தைக் கேக்குற ஒவ்வொரு காதுக்கும் அனுமதி வேணும்னு சட்டம் இருக்கு. நீங்க போட்ட சட்டம்தான்."

தலைவியம்மாள் பக்கத்தில் இருந்த குழுச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பரிதாபமாகத் தலையசைத்தார்.

"சரி, பத்திரிகைக்காரங்க வெளிய போங்க," என்றார் தலைவியம்மாள். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். மகள் போகும்போது அப்பாவைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"இப்ப சொல்லுங்க."

இயக்குநர் மூலையைக் கைகாட்டினார். அங்கே மைக்கையும் கேமராவையும் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். "அவருக்கும் காது இருக்குங்களே."

"தம்பி, நீங்களும் கிளம்புங்க."

"அம்மா, அதுக்கு முன்னாடி இதை..." என்று ஆபரேட்டர் ஆரம்பித்தார்.

"அனுமதி இல்லாதவங்க இங்க பேசவும் கூடாதுங்க," என்றார் இயக்குநர் கண்டிப்பாக. தலைவியம்மாள் வாசலைக் காட்டினார். ஆபரேட்டர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

"இப்பவாவது..."

"உறுப்பினர்களுக்கு அனுமதி?"

"நாங்க எல்லாருமே போன வருஷமே விண்ணப்பிச்சுட்டோம்!" என்று தாடிக்கார உறுப்பினர் ஒருவர் மேசையைத் தட்டினார்.

"தெரியும்ங்க. விண்ணப்பமெல்லாம் என் மேசையிலதான் இருக்கு. பரிசீலனையில."

தலைவியம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இருபது வருட அரசியலில் இப்படி ஒரு கல்லுளிமங்கனை அவர் பார்த்ததில்லை.

"அப்ப எப்படித்தான்யா விசாரிக்கிறது?"

"அதுக்கும் வழி இருக்குங்க. சாட்சி, குழுவோட அறையில சொல்லணும்னுதான் விதி. யாராவது கேக்கணும்னு விதியில இல்ல. நீங்க எல்லாரும் வெளிய இருங்க. நான் சொல்லி முடிச்சதும் கூப்பிடுறேன். 'சாட்சி சொல்லப்பட்டது'ன்னு எழுதிக்கலாம்."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தாடிக்காரர், "டீ குடிச்ச மாதிரியும் இருக்கும்," என்றார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் உடனே ஆமோதித்தார்கள். எதிர்க்கட்சியினர் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு அவர்களுக்கு முன்னால் கேன்டீனுக்குப் போனார்கள்.

கதவு சாத்தப்பட்டது. காலி நாற்காலிகளுக்கு எதிரே இயக்குநர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

பிறகு, நிறுத்தி நிதானமாகப் பேசினார். எந்தச் சாயத் தொழிற்சாலையின் கழிவு எந்தத் தொட்டியில் கலக்கிறது, அது யாருடைய மைத்துனரின் தொழிற்சாலை, சோதனை முடிவை மறைக்கச் சொன்னது யார், அதற்குத் தலையாட்டியது யார். கடைசிக் கேள்விக்குத் தன் பெயரையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இடறியது.

"வடக்குப் பகுதியில யாரும் அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. குழந்தைங்களுக்குக் கொடுக்காதீங்க," என்று முடித்துவிட்டு எழுந்தார்.

கதவைத் திறந்தால் வராண்டா முழுக்கக் கூச்சல். கேன்டீன் டிவியைச் சுற்றி ஒரே கூட்டம். தலைவியம்மாளின் புடவையெல்லாம் டீ. அமைச்சரின் உதவியாளர் முகம் வெளிறி ஓடிவந்தார்.

"யோவ், என்ன காரியம் பண்ணிட்டீங்க! யாரைக் கேட்டு இதையெல்லாம் சொன்னீங்க?"

"நான் யாருகிட்ட சொன்னேன்?" என்றார் இயக்குநர் திகைத்து. "உள்ள ஒரு ஈ காக்கா கூட இல்லையே! சட்டப்படி எல்லாரையும் அனுப்பிட்டுத்தானே பேசினேன்? வேணும்னா குழுவையே கேளுங்க."

உதவியாளர் குழுச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மறுபடியும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மறுபடியும் பரிதாபமாகத் தலையசைத்தார். உதவியாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்பாவின் கையைப் பிடித்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"அப்பா! ஆபரேட்டரை அனுப்பிட்டீங்களே, மைக்கை யாருமே நிறுத்தலப்பா! நீங்க பேசினது நாடு பூரா போயிடுச்சு!"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா. எனக்குத் தெரியாதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருக்காங்க."