செருப்பில் ஒட்டிய செதில்

செண்பகவல்லிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து, அவள் வீட்டு எக்ஸ்ரே படத்துக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எலும்பு எவ்வளவு நேரா நிக்குது!" என்றார்கள்.

"கேட்டியா? ஆபரேஷன் சக்சஸ்னு டாக்டரே என்னைப் பார்த்துத்தான் சொன்னார்" என்றது எக்ஸ்ரே, வாசலில் கிடந்த செருப்பிடம்.

"இருக்கட்டும்ப்பா. விழுந்துடுவோமோன்னு பயந்து அந்தம்மா இன்னும் வாசப்படி தாண்டலையே. என் மேல தூசி படிஞ்சு கிடக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண? எனக்குள்ள ஸ்க்ரூ எல்லாம் சரியா இருக்கு."

மறுநாள் காலை, எவ்வளவு கூப்பிட்டும் வீட்டுப் பக்கம் வராமல் தெருமுனையிலேயே வியாபாரத்தை முடித்துக் கிளம்பப் பார்த்தார் மீன்காரர். செண்பகவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி செருப்பை மாட்டினாள். பிறகு சுவரை விட்டாள்.

செருப்பு திரும்பி வந்தபோது அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது. எக்ஸ்ரே அந்தச் செதிலைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "நடக்கும்போது அவங்களுக்கு வலிச்சுதா?"

"வரும்போது கொஞ்சம். ஆனா மீன்காரரோட சண்டை போட்டப்ப, உனக்குள்ள இருக்கிறதைவிட நேரா நின்னாங்க."