கரண்டிச் சத்தம்

இந்தக் காலத்தில் யாரும் செத்தவர்களைச் சாக விடுவதில்லை. போனுக்குள் போட்டு வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கிறார்கள்.

என் மகனும் அதைத்தான் செய்திருக்கிறான்.

சோற்று வட்டிலுக்கு எதிரே, தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்தான். எதையோ தொட்டான்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

அவள் குரல். என் பெண்டாட்டியின் குரல் அப்படியே.

பதினாறாம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்தது.

கையில் எடுத்த சோற்றை வட்டிலிலேயே போட்டேன்.

"அம்மா எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் போட்டுப் பண்ணினதுப்பா" என்றான் ஞானசேகர். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு நான் மஸ்கட் போயிட்டா நீங்க ஒத்தையில கெடப்பீங்க. என்ன வேணாலும் கேளுங்க. பதில் சொல்லும்."

பெட்டி கட்ட உள்ளே போய்விட்டான்.

அவனுக்குத் தெரியாது.

அவள் என்னோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அவன் போன் செய்தால் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். வைத்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். சோறு ஆனதும் கரண்டியால் சட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் போய் உட்காருவேன். குழம்பு போதாவிட்டால் விரலை மடக்கி வட்டிலில் இரண்டு தட்டுவேன். ஊற்றுவாள்.

எங்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

மகள் வனிதா, நான் வேண்டாம் என்றவனைக் கட்டிக்கொண்டு போனவள். பிரசவத்தில் செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொன்னான். என் பெண்டாட்டி செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

"போறதுன்னா அப்படியே போயிரு" என்றேன்.

நின்றாள்.

திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்குத் தட்ட ஆரம்பித்தவள்தான்.

சாகக் கிடந்தபோது பால் ஊற்றப் போனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். பால் கழுத்து வழியே ஓடிற்று.

போனைப் பார்த்தேன். அதில் அவள் படம் வேறு. சிரிக்கிறாள்.

உள்ளே பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. குனிந்து, மெதுவாகக் கேட்டேன்.

"வனிதா செத்தப்ப உன்னையப் போகவிடலையே. அதுக்கு என்ன சொல்ற?"

ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அதை இன்னுமா நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க? நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க. நான் எப்பவோ மறந்துட்டேங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினோரு வருஷம் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்றேன்.

கேட்டதும் கொடுத்துவிட்டது.

விரலை மடக்கினேன். வட்டிலில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"என்னங்க, சரியாக் கேக்கலையே. திரும்பச் சொல்லுங்க."

இன்னும் இரண்டு. பலமாக. சோற்றுப் பருக்கை தெறித்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றது.

எழுந்தேன். கை கழுவவில்லை.

அறைக்குள்ளிருந்து மகன் கேட்டான்.

"அம்மா பேசினாங்களாப்பா?"

"இல்ல. அவ பேசல."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பின்னால் அது, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தது.